மீன் தொட்டிக்கு லைவ் ஃபுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், ஃபைட்டர், கப்பி, ஏஞ்சல் என்று ஏதாவது ஒரு மீனில் குஞ்சு எடுத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் லைவ் ஃபுட் பற்றி, அதாவது மீனுக்கு உயிரோடு போடும் பொடி உயிர்களைப் பற்றி, எழுதியது இது. நம்ம ஊர் வெயிலையும் நம்ம கடைகளில் கிடைப்பதையும் மனதில் வைத்துத்தான் பதில்கள் இருக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கே பாதி வேலைக்கு ஆகாது.

பாக்கெட் தீவனம் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு லைவ் ஃபுட்?

வளர்ந்த கப்பி, மோலி, டெட்ரா, பார்ப் மாதிரி மீன்கள்தான் உங்கள் தொட்டியில் இருக்கின்றன, குஞ்சு எடுக்கும் எண்ணமும் இல்லை என்றால், நல்ல கம்பெனித் தீவனமே போதும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. லைவ் ஃபுட் போடாததால் அந்த மீன்கள் ஒன்றும் செத்துவிடாது.

ஆனால் மூன்று இடங்களில் அது இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். முதலாவது குஞ்சுகள். பிறந்து சில நாளே ஆன ஃபைட்டர் குஞ்சுக்கு அசையாத பொடி ஒன்று உணவாகவே படாது, துடிக்கிற ஏதாவது கண் முன்னால் போனால்தான் பாய்ந்து பிடிக்கும். இரண்டாவது, ஜோடி சேர்ப்பதற்கு முன் பெற்றோர் மீன்களைத் தயார் செய்வது. ஒன்று இரண்டு வாரம் நன்றாக லைவ் ஃபுட் சாப்பிட்ட பெண் மீனின் வயிறு முட்டையால் நிறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்றாவது, பாக்கெட் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத மீன்கள். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் இருந்து வரும் குட்டிப் பஃபர், அதாவது பீ பஃபர், இதற்குச் சரியான உதாரணம். ஒரு அங்குலம்கூட வளராத மீன், ஆனால் குட்டி நத்தையோ புழுவோ மொய்னா என்ற பொடி நீர்ப்பேனோ கொடுக்காவிட்டால் பட்டினி கிடந்தே மெலிந்துபோகும். அதை வாங்கும் முன் இதை யோசித்துவிட்டு வாங்குங்கள். புதிதாக வந்து இறங்கிய டிஸ்கஸ், ஆற்றில் பிடித்த காட்டு ஃபைட்டர் வகைகளும் பழகும்வரை இப்படித்தான் இருக்கும்.

எல்லா மீனுக்கும் கொடுக்கலாமா?

கிட்டத்தட்ட எல்லாமே ஆசையாகச் சாப்பிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைமேல் பாசி சுரண்டித் தின்று வாழும் ம்பூனா சிக்லிட்களுக்கு நீளமான குடல், ரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் மாதிரி புழு உணவு தொடர்ந்து போனால் வயிறு ஊதி நோயாகிவிடும். கோல்டு ஃபிஷுக்கும் பிளெக்கோவுக்கும் காய்கறியும் பாசி கலந்த தீவனமும்தான் பிரதானமாக இருக்க வேண்டும், மொய்னா எப்போதாவது போடலாம். ஃபைட்டர், கௌராமி, ஏஞ்சல், டெட்ரா, டிஸ்கஸ், பஃபர் எல்லாம் இயல்பிலேயே பூச்சி, புழு, நீர்ப்பேன் தின்கிறவை. அவற்றுக்குத் தாராளமாக.

புதுசாக ஆரம்பிக்கிறேன். எதில் தொடங்கலாம்?

மொய்னா. வேறு யோசனையே வேண்டாம்.

மொய்னா என்பது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும் நீர்ப்பேன் வகை, டாஃப்னியாவுக்குச் சொந்தக்காரன். வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாம் டாஃப்னியாவைத்தான் சொல்வார்கள், குறிப்பாகப் பெரிய வகையான டாஃப்னியா மேக்னா. அது 20 டிகிரி பக்கம் இருக்கும் தண்ணீரில் சுகமாக வாழ்வது, நம்ம சித்திரை வெயிலில் டப்போடு போய்விடும். மொய்னா அப்படி இல்லை. 24 முதல் 31 டிகிரி வரை அதற்கு நல்ல தட்பவெப்பம், ஆக்சிஜன் குறைந்தாலும் ஓரளவு தாங்கும். பிறந்த நாலு முதல் ஏழு நாளில் குட்டி போட ஆரம்பித்துவிடும், அப்புறம் ஒன்றரை இரண்டு நாளைக்கு ஒருமுறை அடுத்த ஈடு. நிலைமை நன்றாக இருக்கும்வரை ஆண் இல்லாமலேயே பெண்கள் பெண்களைப் பெற்றுக்கொண்டே போகும். அதனால்தான் தொடக்கத்தில் விதையாக விடும் ஒரு டம்ளர் மொய்னா இரண்டு வாரத்தில் ஒரு டப் நிறைய ஆகிறது.

வேண்டியது இவ்வளவுதான்: 40, 50 லிட்டர் பிடிக்கும் அகலமான பிளாஸ்டிக் டப், அதை வைக்க நேர் வெயில் விழாத வெளிச்சமான இடம், மேலே மூடக் கொசுவலை. தண்ணீருக்கு மீன் தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீர்தான் சிறந்தது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஓரிரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஏர் பம்ப் கட்டாயம் இல்லை, இருந்தால் ஏர் ஸ்டோன் போடாமல் வெறும் டியூபை விட்டு மெதுவாகப் பெரிய குமிழி வரும்படி வையுங்கள். நுண்ணிய குமிழி மொய்னாவின் ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டால் அது மேலே மிதந்தே செத்துப்போகும்.

உணவு பச்சைத் தண்ணீர். மொட்டை மாடியில் வெயிலில் ஒரு பக்கெட் பழைய தொட்டித் தண்ணீரை வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், அதில் தினம் கொஞ்சம் எடுத்து ஊற்றினால் போதும். அது கைவசம் இல்லாதபோது பேக்கரி ஈஸ்ட்டை ஒரு சிட்டிகை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். பண்ணை வைத்திருப்பவர்கள் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து, சாணம் சேர்த்துப் பெரிய சிமெண்ட் தொட்டிகளில் விடுகிறார்கள், வீட்டில் அந்த வாடை தாங்காது.

எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தண்ணீர் லேசாகக் கலங்க வேண்டும், ஆனால் முழங்கை வரை கையை விட்டால் விரல்கள் தெரிய வேண்டும். அந்தக் கலங்கல் தெளிந்த பிறகுதான் அடுத்த முறை. தெளிவதற்கு முன்பே ஊற்றினால் அது மொய்னாவுக்குப் போகாது, அழுகத்தான் போகும்.

ஒரு வாரம் பத்து நாள் கழித்து, காலையில் டப்பைப் பார்த்தால் ஓரங்களில் மேகம் மாதிரி திரண்டு நிற்கும். நெருங்கிப் பாருங்கள், ஒவ்வொன்றும் துள்ளித் துள்ளி மேலே ஏறும், கொஞ்சம் இறங்கும், மறுபடி துள்ளும். நுண்வலையால் அள்ளி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசித் தொட்டியில் போடுங்கள். ஒரு நாளைக்குக் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். எடுக்காமலே விடுவதும் தப்பு, கூட்டம் அதிகமானால் தானே சரியும்.

நன்றாக இருந்த மொய்னா டப் ஒரே இரவில் காலியாகிவிட்டது. என்ன காரணம்?

பெரும்பாலும் ஈஸ்ட் அதிகமாகியிருக்கும். ஈஸ்ட் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், விடியும்போது எல்லாம் அடியில் கிடக்கும். இதற்கு முன்னறிவிப்பு உண்டு: மொய்னா வழக்கமான வெளிர் நிறத்தில் இருந்து சிவப்பாக மாறும். ஆக்சிஜன் குறையும்போது அவை ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்வதால் வரும் நிறம் அது. சிவந்தால் உணவை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

அடுத்த காரணம் கொசு மருந்து. அறையில் அடிக்கும் ஸ்ப்ரே, மேட், தெருவில் வரும் புகை மருந்து, இவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மொய்னா மாதிரி ஓட்டுயிர்களைக் கொல்ல மிகக் கொஞ்சமே போதும். தெருவில் புகை வண்டிச் சத்தம் கேட்டால் டப்பைத் தட்டுப் போட்டு மூடிவிடுங்கள். மழைத் தண்ணீர் நிரம்பி வழிவது, ஏப்ரல் மே மாதத்து மாடி வெயில், குளோரின் போகாத தண்ணீர், இவையும் உண்டு.

எது நடந்தாலும் டப்பை உடனே கழுவிக் கொட்டிவிடாதீர்கள். நிலைமை மோசமாகும்போது மொய்னா உறைமுட்டை போடும், முதுகில் கருப்பாக ஒரு சேணம் வைத்த மாதிரித் தெரியும். அது அடி மண்டியில் கிடக்கும். காயவைத்துக்கூட எடுத்து வைக்கலாம், பிறகு நல்ல தண்ணீர் ஊற்றினால் சில நாளில் பொரிக்கும். ஆனாலும் ஒரே டப்பை நம்பாமல் தனித்தனி இடத்தில் இரண்டு மூன்று டப் வைத்திருப்பதே பாதுகாப்பு.

கடையில் டியூபிஃபெக்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன?

போடாதீர்கள் என்பதுதான் என் பதில். நிறையப் பேருக்கு இது பிடிக்காது என்று தெரியும். சென்னையில் அலங்கார மீனுக்குப் பேர்போன கொளத்தூர் பக்கம் பல வருடமாக டியூபிஃபெக்ஸ் போட்டுத்தான் எத்தனையோ மீன் வளர்ந்திருக்கிறது, மீன் வேகமாக வளர்வதும் உண்மை. ஆனால் அந்தப் புழு எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள். தலையைச் சேற்றுக்குள் புதைத்து, வாலை மேலே ஆட்டிக்கொண்டு, ஆக்சிஜனே இல்லாத சாக்கடையில் அழுகியதைத் தின்று வாழ்வது அது. சாக்கடையில் இருக்கும் பாக்டீரியா, ஈயம், காட்மியம் மாதிரி கன உலோகம் எல்லாம் அதன் குடலிலும் உடலிலும் இருக்கும். மேலே எவ்வளவு கழுவினாலும் உடம்புக்குள் சேர்ந்த உலோகம் போகாது. டிரௌட் மீன்களைச் சுழன்று சுழன்று நீந்த வைத்துக் கொல்லும் ஒரு ஒட்டுண்ணி, தன் வாழ்க்கையின் ஒரு கட்டத்தை இந்தப் புழுவுக்குள்தான் முடிக்கிறது. உங்கள் தொட்டியில் டிரௌட் இல்லை, சரி. ஆனால் இந்தப் புழு நோயைச் சுமக்கக்கூடியது என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி.

இதையும் மீறி வாங்குகிறீர்கள் என்றால், கடையில் அந்த உருண்டையை ஒரு குச்சியால் தொடச் சொல்லுங்கள். உயிரோட்டமான புழு தொட்ட உடனே மொத்தமாகச் சுருங்கி இறுகும், நிறம் அடர் சிவப்பாக இருக்கும். வெளுத்து, தளர்ந்து, ஓரத்தில் சாம்பல் நிறமாக நூல் நூலாக விட்டிருந்தால் செத்துக்கொண்டிருக்கிறது, அந்த நாற்றமும் தெரியும், தொடவே வேண்டாம். வீட்டில் தட்டையான தட்டில் புழு மூழ்கும் அளவு தண்ணீர் மட்டும் விட்டு, ஒரு நாளைக்குப் பலமுறை தண்ணீர் மாற்றி, குறைந்தது மூன்று நாலு நாள் குடலைக் காலி செய்ய விட்டுவிட்டுப் போடுங்கள். சொட்டுச் சொட்டாகக் குழாயைத் திறந்து வைப்பவர்களும் உண்டு, சென்னையில் தண்ணீர் இருக்கும் நிலைமைக்கு அதைச் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை. சரளைக்கல் போட்ட தொட்டி என்றால் இன்னொரு தொல்லை, மீன் தின்னாத புழு கல்லுக்குள் இறங்கி அங்கேயே குடியேறிவிடும்.

பிளட் வார்ம் என்கிறார்களே, அதுவும் இதேதானா?

இல்லை. டியூபிஃபெக்ஸ் மண்புழு இனம், கடைசிவரை புழுதான். பிளட் வார்ம், ரத்தப்புழு, கடிக்காத ஒரு வகைக் கொசுப்பூச்சியின் இளம்பருவம், வளர்ந்து பறந்து போய்விடும். இரண்டும் சிவப்பாக இருப்பது ஹீமோகுளோபினால்தான். உயிரோடு கிடைப்பதைவிட உறைய வைத்த கட்டிகளாக வாங்குவது மேல், வாரத்தில் ஓரிரு முறை போதும்.

ஒரு எச்சரிக்கை: சிலருக்கு ரத்தப்புழு கடுமையான ஒவ்வாமை தரும். அந்த ஹீமோகுளோபின்தான் காரணம். காய்ந்த ரத்தப்புழுவின் தூசு மூக்கில் ஏறினால் தும்மல், கண் அரிப்பு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சிரைப்பு வரை போகும். கையில் அரிப்பு வர ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் கூடிக்கொண்டே போகும்.

கொசுப்புழு இலவசமாகக் கிடைக்கிறது, மீனும் விரும்பித் தின்கிறது. வளர்க்கலாமா?

உணவாக அதற்கு ஈடானது குறைவு என்பது உண்மை. கௌராமியும் ஃபைட்டரும் இயற்கையில் இதைத் தின்றுதான் வாழ்கின்றன. கப்பியும் கம்பூசியாவும் கிணறுகளில் விடப்பட்டதே கொசுப்புழுவைத் தின்னத்தான்.

ஆனால் வேண்டுமென்றே ஒரு டப்பில் வளர்க்க வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது வீட்டைச் சுற்றித் தேங்கும் ஓரளவு சுத்தமான தண்ணீரில். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும் தேடி வரும். நம்ம வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதில் கடைசி இரண்டு நாள், காற்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழுவாக இருக்கும், அது சாப்பிடாது, கொசுவாகி எழும்ப வேண்டியது மட்டும்தான் பாக்கி. இரண்டு நாள் நீங்கள் கவனிக்காமல் விட்டால் உங்கள் வீட்டுக் குழந்தையையும் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் அது கடிக்கும். உள்ளாட்சி ஊழியர்கள் வந்து பார்த்தால் அபராதமும் போடுவார்கள், போடுவது நியாயமும்கூட.

எங்காவது தேங்கிய தண்ணீரில் தானாக வந்திருந்தால் வலையால் அள்ளி, அலசி, மீனுக்குப் போடுங்கள். போடும்போது மீன் ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். பிறகு அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கச் சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடும், அது காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழை நிரம்பியதும் பொரிக்கும்.

ஆர்டீமியா பொரிப்பது பெரிய வேலையா?

ஒருமுறை கைப்பழக்கம் வந்துவிட்டால் காபி போடும் நேரம்தான். ஆர்டீமியா உப்பு நீரில் வாழும் சிறு இறால் மாதிரி உயிர். நம்ம தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. கடையில் டப்பாவில் வரும் முட்டையில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் இருந்து வருவது. காய்ந்த நிலையில் வருடக்கணக்கில் உயிர் பிடித்திருக்கும், உப்புத் தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்ளும்.

இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, அரை டீஸ்பூன் முட்டை. அயோடின் சேர்க்காத உப்பாக இருக்கட்டும். பாட்டிலின் கழுத்து வரை ஏர் டியூபை இறக்கி, முட்டை எங்கும் தங்காமல் கொதிப்பது மாதிரிச் சுழலும்படிக் காற்று விடுங்கள். பக்கத்தில் ஒரு பல்பு எரியட்டும், முதல் சில மணி நேர வெளிச்சம் பொரிப்பதற்கு அவசியம். 26, 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். டிசம்பர், ஜனவரியில் 36 மணி வரை போகலாம்.

காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரிக்காத முட்டை அடியில் தங்கும், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். கீழ்ப்பக்கம் ஒரு டார்ச் வைத்து அங்கே திரள விட்டு, ஏர் டியூபால் உறிஞ்சி நெருக்கமான துணியில் வடிகட்டுங்கள். ஓடு கலந்து மீன்குஞ்சு விழுங்கினால் குடலில் அடைக்கும், அதனால் அவசரப்படாமல் பிரியுங்கள். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

பொரித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது முக்கியம். அதுவரை அது தன் மஞ்சள் கருவில் வாழ்கிறது, சத்து முழுக்க அதில்தான் இருக்கிறது. நேரம் போகப் போக அதைத் தானே எரித்துவிடும், உங்கள் மீன்குஞ்சுக்கு வெறும் சக்கைதான் மிஞ்சும். நன்னீரில் சில மணி நேரம் உயிரோடு இருக்கும், பிறகு செத்து அடியில் தங்கும்.

மலிவாகப் பொட்டலம் கட்டி விற்கும் முட்டை பல நேரம் ஈரம் பட்டுப் பாழாகியிருக்கும். சின்ன டப்பாவாக, மூடி உடையாததாக வாங்கி, திறந்த பிறகு காற்றுப் புகாத பாட்டிலில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஃபைட்டர் குஞ்சு நீந்த ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் என்ன போடுவது?

எந்த மீன் குஞ்சு என்பதைப் பொறுத்தது. கப்பி, மோலி குட்டிகள் பிறந்த அன்றே ஆர்டீமியா தின்னும். ஏஞ்சல் குஞ்சும் நீந்தத் தொடங்கிய உடனே தின்னும். கௌராமிக் குஞ்சு மிகப் பொடி, அதற்கு இன்ஃபுசோரியா இல்லாமல் முடியாது. ஃபைட்டர் இரண்டுக்கும் நடுவில்: முதல் இரண்டு மூன்று நாள் இன்ஃபுசோரியாவோ வினிகர் ஈலோ, அதோடு கொஞ்சம் ஆர்டீமியா சேர்த்துப் பாருங்கள், பெரிய குஞ்சுகள் உடனே பிடித்துக்கொள்ளும்.

இன்ஃபுசோரியா என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம். ஒரு கண்ணாடி ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீர், அதில் விரலளவு வாழைப்பழத் தோலோ ஒரு முட்டைக்கோஸ் இலையோ போட்டு வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு நாளில் பால் மாதிரிக் கலங்கி நாறும், அது வெறும் பாக்டீரியா, அதைப் போடக் கூடாது. மூன்று நாலு நாளில் தெளியத் தொடங்கும். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் தூசு மாதிரி எதுவோ தானாக நகரும். அதுதான் வேண்டியது, ஒரு வேளைக்கு நாலைந்து ஸ்பூன். ஃபைட்டர் தொட்டியில் போடும் காய்ந்த பாதாம் இலையைச் சுற்றியும் இது கொஞ்சம் உருவாகும்.

வினிகர் ஈல் என்பது வினிகரில் வாழும் பொடிப் புழு, சோம்பேறிகளுக்குக்கூட ஒத்துவரும். ஆப்பிள் சைடர் வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஒரு துண்டு ஆப்பிள், கொஞ்சம் விதைப் புழு, அவ்வளவுதான். மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டாலும் இருக்கும். எடுப்பதற்கு ஒரு வழி: நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கழுத்து வரை அந்தக் கரைசலை ஊற்றி, ஃபில்டர் பஞ்சை அடைத்து, அதன்மேல் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் புழுக்கள் பஞ்சைத் தாண்டி மேலே வந்திருக்கும். இது நன்னீரில் நாள் கணக்கில் உயிரோடு நீந்தும், மேல்மட்டத்திலேயே திரியும். ஃபைட்டர் குஞ்சு இருப்பதும் மேலேதான்.

மைக்ரோ வார்ம் என்ற பொடிப் புழு இன்னும் சுலபம். வெந்த ஓட்ஸை ஆறவைத்து டப்பாவில் பரப்பி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, விதை போட்டு, மூடியில் சின்ன ஓட்டை போட்டு மூடினால் நாலைந்து நாளில் டப்பாச் சுவரில் ஏற ஆரம்பிக்கும். விரலால் வழித்துப் போடலாம். ஆனால் நேராக அடிக்குப் போய்விடும் என்பதால் அதை மட்டுமே நம்ப வேண்டாம், அடியில் மேயும் கோரிடோரா குஞ்சுகளுக்குத்தான் அது சரியான தோது.

குஞ்சு சாப்பிட்டதா என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆர்டீமியா போட்டு அரைமணி கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், கண்ணாடி மாதிரி உடம்புக்குள் வயிறு மட்டும் உருண்டையாக ஆரஞ்சு நிறத்தில் தெரியும். தட்டையாக, நிறமில்லாமல் இருக்கும் குஞ்சுகள் அதிகம் என்றால் உணவு பெரிசாக இருக்கிறது அல்லது போதவில்லை.

ஊர்க் குளத்தில் வலை போட்டு அள்ளி வந்து போடலாமா?

மீன் இல்லாத, வயலில் இருந்து பூச்சிமருந்து வடியாத, மழைக்குத் தேங்கிய குட்டை என்றால் யோசிக்கலாம். மீன் இருக்கும் குளம் வேண்டவே வேண்டாம். நங்கூரப் புழு, மீன் பேன் இரண்டும் அப்படித்தான் வீட்டுக்குள் வரும். சைக்ளாப்ஸ் என்ற பொடி உயிர், மீன் குடலில் தங்கும் கமலானஸ் புழுவின் குஞ்சைச் சுமந்து வரும். கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான்.

அள்ளி வந்ததை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பொறுமையாகப் பாருங்கள். தட்டானின் இளம்புழு ஒன்று தப்பித் தொட்டிக்குள் போய்விட்டால் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும், செடிக்குள் ஒளிந்திருப்பதால் வாரக்கணக்கில் கண்ணில் படாது. நீர் வண்டின் புழுவும் அப்படித்தான்.

மண்புழு?

பெரிய மீன்களுக்கு அருமையான உணவு. ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் எல்லாம் பாய்ந்து வரும். உரம், பூச்சிமருந்து போடாத மண்ணில் எடுத்தது, ஒரு நாள் ஈரத் துணியில் வைத்துக் குடல் காலியானது, கழுவி அளவாக நறுக்கியது என்று இருக்க வேண்டும். மண்புழு உரக் குழியில் இருந்து எடுப்பதாக இருந்தால் வகை பாருங்கள். பட்டை பட்டையாகச் சிவப்பு மஞ்சள் கோடு போட்ட ஐசினியா ஃபெடிடா தொந்தரவு செய்தால் மஞ்சளாக ஒரு நாற்றத் திரவம் விடும். அது மீனுக்கு ஆகாது, பல மீன்கள் வாயில் வாங்கித் துப்பிவிடும். ஆப்பிரிக்க மண்புழு என்று விற்கும் யூட்ரிலஸ் பரவாயில்லை.

அரவானாவுக்கும் ஆஸ்காருக்கும் உயிருள்ள கோல்டு ஃபிஷ் போடுகிறார்களே?

நிறுத்த வேண்டிய பழக்கம். கோல்டு ஃபிஷ் உடலில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். தொடர்ந்து அதையே தின்னும் மீனுக்குப் பி1 குறைந்து நரம்புக் கோளாறு வரும். தீவனத்துக்கு என்று விற்கும் மீன்கள் நெருக்கமான தொட்டியில், சிகிச்சையே இல்லாமல் கிடப்பவை, அவற்றின் வெள்ளைப்புள்ளி, பேன், குடற்புழு எல்லாம் விலை உயர்ந்த உங்கள் அரவானாவுக்கு நேராகப் போகும். துரத்தப்படும் மீனும் வலியும் பயமும் தெரிந்த உயிர்தான், மாற்று இருக்கும்போது வேடிக்கைக்காக அதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல பெல்லட், வளர்ப்பு வெட்டுக்கிளி, மண்புழு என்று மாற்றினால் கொஞ்ச நாள் அடம்பிடித்துவிட்டுப் பழகிவிடும். ஆரோக்கியமான பெரிய மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும், நீங்கள்தான் மனம் இளகக் கூடாது.

எவ்வளவு, எத்தனை முறை?

வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஐந்து நிமிடத்தில் தீரும் அளவு. மொய்னா மட்டும் விலக்கு, மிஞ்சினாலும் நன்னீரில் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும், மீன் பிறகு தின்றுகொள்ளும். குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. அப்படிப் போடும்போது அடியில் மிஞ்சியதைத் தினமும் டியூபால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு தண்ணீரை மெதுவாகச் சேர்க்க வேண்டும். பசியில் சாகும் குஞ்சைவிட, மிஞ்சிய உணவு அழுகி அம்மோனியா ஏறிச் சாகும் குஞ்சுகள் அதிகம்.

மொய்னா அதிகமாக விளைந்துவிட்டது, ஊருக்கும் போக வேண்டும். என்ன செய்யலாம்?

அலசி, தண்ணீரை வடித்து, ஜிப் கவரில் மெல்லிய தகடாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது ஒரு துண்டு உடைத்துப் போடலாம். உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. ஊருக்குப் போகும் முன் டப்பில் பாதியை அறுவடை செய்து கூட்டத்தைக் குறைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனால் ஒரு வாரம் தாங்கும். ஈஸ்ட்டை ஊற்றிவிட்டுப் போகாதீர்கள்.

விதை எங்கே வாங்குவது?

சென்னையில் இருந்தால் கொளத்தூர். மற்ற ஊர்களில் ஃபைட்டர் வளர்ப்பவர் யாரையாவது பிடித்தால் மொய்னாவும் மைக்ரோ வார்மும் அவரிடமே இருக்கும், பெரும்பாலும் காசில்லாமலே ஒரு பாட்டில் கொடுப்பார்கள். வாங்கி வந்ததை நேராகத் தொட்டியில் ஊற்றாமல் ஒரு கண்ணாடி ஜாடியில் இரண்டு நாள் தனியாக வையுங்கள். ஜாடிச் சுவரில் சின்னத் தண்டும் உச்சியில் நாலைந்து கைகளுமாக எதுவாவது ஒட்டிக்கொண்டு, தொட்டால் சுருங்குகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் அது ஹைட்ரா. குஞ்சுத் தொட்டிக்குள் போனால் பொடிக் குஞ்சுகளைக் கொட்டிப் பிடித்துத் தின்னும், நீங்கள் போடும் ஆர்டீமியாவையும் தின்று பெருகும். அந்த ஜாடியை வெயிலில் கொட்டிக் காயவிட்டு, வேறு இடத்தில் விதை கேளுங்கள்.